நாலாவது சாவி

பர்ஜோனோவிடம் ஒரு சாவி இருந்தது. இரும்புச் சாவி இல்லை. அதற்குப் பூட்டும் கிடையாது, கதவும் கிடையாது. ஆனால் அந்தச் சாவியைப் பற்றி அவன் வாயைத் திறந்தால் போதும், சோலோ நகரத்து ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கிற அத்தனை பேரும் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நழுவிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். கடைகளில் ரசீது துப்புகிற சின்ன பிரிண்டர் இருக்கிறதே, அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கிற நிரல் ஒன்று. பெயர் கெலாத்திக். அது ஒரு குருவியின் பெயர். பிரிண்டர் போடுகிற கீச்சுச் சத்தத்துக்காக வைத்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், இதை இப்படி மாற்றினால் தேவலை என்று திருத்தம் எழுதி அனுப்பலாம். அனுப்பியதை மூல நிரலில் ஏற்றுகிற உரிமை மட்டும் மூன்றே பேருக்கு. மற்ற இடங்களில் கமிட் அக்சஸ் என்பார்கள். கெலாத்திக்காரர்கள் சாவி என்றார்கள். ஒரு சாவி இதை ஆரம்பித்த பாக் சுமர்தோவிடம். பாக் என்றால் ஐயா. ஒன்று மேடானில் இருக்கிற தீகோரிடம். இன்னொன்று பர்ஜோனோவிடம்.

பர்ஜோனோ நடுநிலைப் பள்ளியோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். டைப்ரைட்டர் பழுது பார்க்கிற கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான். டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியதும் பிரிண்டருக்குத் தாவினான். முதலாளி செத்த பிறகு அந்தக் கடையையே வாடகைக்கு எடுத்தான். பாலிடெக்னிக்கில் வேலை பார்த்த சுமர்தோ ஒருநாள் பழுதுக்கு ஒரு பிரிண்டரைக் கொண்டுவந்தார். வாசலில் தொங்கிய கூண்டில் பர்ஜோனோவின் புறா கூவியது. அவ்வளவுதான், பிரிண்டர் மறந்து போயிற்று. சுமர்தோவுக்கும் புறாப் பைத்தியம். மனிதர் பொழுது சாய்கிறவரை உட்கார்ந்துவிட்டார். அப்புறம் புறாவைப் பார்க்க வந்தார், பிரிண்டரைப் பற்றிப் பேசினார், நிரலைக் காட்டினார். பர்ஜோனோ அதைக் குடைந்தான், கெடுத்தான், திருத்தினான், மறுபடி கெடுத்தான். காகிதத்தை வெட்டுகிற கத்தி இருக்கிறதே, அதை ஓட்டுகிற பகுதியை முழுக்க அவனே எழுதினான். ஒருநாள் கடை மேஜை மேலேயே சுமர்தோ கம்ப்யூட்டரைத் திறந்து எதையோ தட்டினார். "இந்தா ஜோன், இனிமே நீயே ஏத்திக்கோ" என்றார்.

அன்றைக்கு பர்ஜோனோ கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். வார்சினி, "எந்த வீட்டுச் சாவி?" என்று கேட்டாள்.

சாவி பெரிதில்லை. சுமர்தோ கொடுத்தார் என்பதுதான் பெரிது. தீகோர் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறவன், கணக்கில் வரமாட்டான். சோலோவில் சுமர்தோவின் ஆள் யார் என்றால் பர்ஜோனோ. இப்படியே வருடங்கள் ஓடின. அவன் வயிறும் குளிர்ந்து கிடந்தது.

வெனிங் வந்தாள்.

சாலத்திகாவில் பஸ் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்த பெண். அவளுடைய பிரிண்டர் டிக்கெட்டின் கடைசி வரியைப் பாதியில் வெட்டிக்கொண்டிருந்தது. இது கெலாத்திக்கின் தீராத வியாதி; பர்ஜோனோ பலமுறை வைத்தியம் பார்த்துக் கைவிட்டது. குறையை எழுதி அனுப்பினால் போதாதா? அவள் திருத்தத்தையே எழுதி அனுப்பினாள். சின்னத் திருத்தம். வேலை செய்தது.

பர்ஜோனோ அதை நாள் முழுக்க வைத்துக்கொண்டு பார்த்தான். கடைசியில், ஒரு வரியின் முனையில் தேவையில்லாத இடைவெளி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினான். சரிசெய்து அனுப்பினாள்: நன்றி மாஸ். மாஸ் என்றால் அண்ணன். பெயர் வைத்தது சரியில்லை என்று திருப்பினான். நன்றி மாஸ். சோதித்துப் பார்த்த விவரம் எங்கே என்றான். அதுவும் வந்தது, படத்தோடு. நன்றி மாஸ். ஒவ்வொரு நன்றியும் அவன் கண்ணில் மிளகாய்த் தூளாக விழுந்தது. திட்டியிருந்தால் தூங்கியிருப்பான்.

திருப்ப வேறு சாக்கு கிடைக்காமல் ஏற்றினான். அதன் பிறகு திருத்தம் மேல் திருத்தமாக வந்தது. அவன் எழுதிய கத்திப் பகுதிக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். இரவல் வாங்க வந்தவள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சமைக்க ஆரம்பித்தது போல இருந்தது அவனுக்கு.

"என்ன பாக்னே, அந்தப் பொண்ணு இன்னிக்கும் எழுதியிருக்காளா?" என்றாள் வார்சினி. பிள்ளைக்கு அப்பனே என்று புருஷனைக் கூப்பிடுகிற வழக்கம். "மூஞ்சி ஊசிப்போன தேம்பே மாதிரி இருக்கே." தேம்பே என்பது புளிக்க வைத்த சோயாக் கட்டி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அந்த மவுஸை இந்தக் குத்து குத்துறீங்க? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்த வருடம் கெலாத்திக்குக்குப் பத்து வயது. சுமர்தோ தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரையும் கூப்பிட்டார். தீகோர்கூட விமானம் ஏறி வந்துவிட்டான். வெனிங்கும் வந்தாள், ஒல்லியாக, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். நடுவில் தும்பெங். மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சுற்றிலும் கோழியும் முட்டையும் அடுக்கியது. கோபுரத்தின் நுனியை வீட்டுக்காரர் வெட்டி, அந்தச் சபையில் யாருக்கு மரியாதையோ அவருக்குக் கொடுப்பார்.

சுமர்தோ கத்தியை எடுத்தார். "இந்த வருஷம் நம்ம கெலாத்திக்குக்கு உயிர் குடுத்தது யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

பர்ஜோனோ அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். கையிலிருந்த தட்டு மட்டும் கொஞ்சம் முன்னால் போயிற்று.

சுமர்தோ அவனைத் தாண்டி நடந்தார். வாசல் ஓரத்துக்குப் போய், வெனிங்கின் தட்டில் நுனியை வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"லாயே," என்றான் தீகோர். மேடான் பக்கத்து ஆட்கள் மச்சான் என்பதை அப்படிச் சொல்வார்கள். அவனுக்கு மெதுவாகப் பேச வராது. "தட்டை எதுக்கு நீட்டிக்கிட்டு இருக்க? மழைத்தண்ணி பிடிக்கிறியா?"

"கை கனத்துச்சு."

"காலித் தட்டா?"

சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெனிங் எழுந்து வந்தாள். நுனியைக் கரண்டியால் இரண்டாகப் பிளந்து, "மாஸ், பாதி உங்களுக்கு. நீங்க இல்லாம நான் எதையும் கத்துக்கிட்டிருக்க முடியாது" என்றாள்.

இதைவிட அவள் செருப்பைக் கழற்றியிருக்கலாம்.

"வேணாம் டிக். எனக்குச் சர்க்கரை" என்றான். டிக் என்றால் தங்கச்சி.

"இது உப்புச் சோறு மாஸ்."

"சோறுன்னாலே சர்க்கரைதான்."

சொல்லிவிட்டு அவன் அன்றைக்கு மூன்று தட்டுச் சோறு தின்றான். நுனியைத் தவிர எல்லாவற்றையும் தின்றான்.

அடுத்த நாள் குழுவின் மடலில் சுமர்தோ எழுதியிருந்தார். வெனிங்குக்குச் சாவி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சாவி உள்ளவர்கள் ஒரு வாரத்துக்குள் காரணத்தோடு எழுதவும். ஒருவர் மறுத்தாலும் கொடுக்க மாட்டோம். யாரும் எழுதாவிட்டால் கொடுத்துவிடுவோம்.

விதி பழையதுதான். ஏதோ ஒரு பெரிய வெளிநாட்டுக் குழுவிடமிருந்து சுமர்தோ எடுத்துவந்து போட்டது. அதைப் பயன்படுத்தும்படி இதுவரை எதுவும் நடக்கவில்லை.

பர்ஜோனோ மறுப்பு எழுத உட்கார்ந்தான். அனுபவம் போதாது என்று தட்டினான். அவள் அனுப்பி மூல நிரலில் ஏறிய திருத்தங்களின் வரிசை பக்கத்திலேயே நீளமாகத் தெரிந்தது, அழித்தான். அவசரப்படுகிறாள் என்று தட்டினான். அவசரப்பட்ட ஒரு இடத்தைக்கூடக் காட்ட முடியவில்லை, அழித்தான். அவள் நிரலில் குறை தேடி உட்கார்ந்தவன், ஓர் இடத்தில் தன்னை மறந்து "அட" என்றுவிட்டான். அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்து கம்ப்யூட்டரை மூடினான்.

எழுதவே வேண்டாம் என்று முடிவு செய்தான். பேசாமல் இருந்தாலே போதும்.

அவனைத் தப்பு சொல்ல முடியாது. வாய் மூடினால் சம்மதம் என்பது வேறு ஊர் நியாயம். சோலோவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்கள் வாசலை அடைத்துக் கல்யாணப் பந்தல் போடலாமா என்று கேட்பார். 'போடுங்க போடுங்க' என்றால்தான் போடலாம். 'பார்க்கலாமே' என்றால் வேண்டாம் என்று பொருள். ஒன்றுமே சொல்லாமல் டீ கொண்டுவந்து வைத்தால், கம்பை நட்டால் பிடுங்கி எறிவேன் என்று பொருள். கேட்டவர் டீயைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். அப்புறம் ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கெஞ்சுவார். சுமர்தோவும் சோலோக்காரர்தானே. வருவார்.

பர்ஜோனோ அதற்குத் தயாரானான். நல்ல டீத்தூள் வாங்கி வைத்தான். வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியின் ஆடுகிற காலுக்கு ஆப்பு அடித்தான். சுமர்தோ என்ன சொல்வார், அதற்கு இவன் என்ன சொல்வான், எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தாயிற்று. உங்க இஷ்டம் பாக், நான் யாரு சொல்றதுக்கு என்பான். அவர், நீ சொல்லாம யாருடா சொல்றது என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும். அப்புறம் போனால் போகிறது, இன்னும் ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துத் தொலையுங்கள் என்று இவனே பெரிய மனது பண்ணுவான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் யாராவது உடைந்த பிரிண்டரோடு வந்து நின்றார்கள்.

தீகோர்தான் போன் செய்தான்.

"லாயே, நீ என்ன எழுதப் போற?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான்யா கேக்குறேன். புடிக்கலன்னா புடிக்கலன்னு எழுதித் தொலை. எங்க ஊர்ல இப்படி வாய்க்குள்ளயே வச்சிருந்தா பல்லு சொத்தையாயிரும்பாங்க."

"ஒருத்தன் ஒண்ணும் சொல்லலன்னா அதுக்கு அர்த்தம் இருக்குல்ல?"

"என்ன அர்த்தம்?"

"பாக்குக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியலையே!"

"நீ மேடான்காரன். உனக்கு எங்க தெரியப் போகுது."

வாரம் முடிந்த மறுநாள் மடல் வந்தது. யாரும் மறுக்கவில்லை. வெனிங்குக்குச் சாவி கொடுக்கப்பட்டது. வாழ்த்துகள்.

பர்ஜோனோவின் முகத்தில் ஈ ஆடவில்லை. மதியச் சோற்றைக்கூடத் திறக்காமல் மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

கோபம் எவ்வளவு இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. சுமர்தோ டீ வைத்தார். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். புறாவுக்கு இறகு உதிர்வதைப் பற்றிப் பேசினார்கள். சுமர்தோவின் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு தீர்ந்து போனதும் பர்ஜோனோ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் பதிலே போடல பாக்."

"ஆமா, போடல."

"சோலோக்காரன் ஒருத்தன் பதில் போடலன்னா..."

"வேணாம்னு அர்த்தம்." சுமர்தோ அலட்டிக்கொள்ளவில்லை. "என்னைப் பெத்தவளும் சோலோக்காரிதான் ஜோன்."

பர்ஜோனோ நிமிர்ந்தான். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். நீ கடையில உக்காந்து எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்னும் தெரியும். வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? டீ குடுத்திருப்பே. உங்க இஷ்டம்னு சொல்லியிருப்பே. நானும் உன் மூஞ்சியப் பாத்துட்டு, சரி அடுத்த வருஷம் பாக்கலாம்னு திரும்பியிருப்பேன். அந்தப் பொண்ணு அதுவரைக்கும் நன்றி மாஸ் நன்றி மாஸ்னு எழுதிக்கிட்டே இருக்கும். ஒருநாள் அதுக்கும் சலிச்சுப் போயிரும். போயிரும் ஜோன், இப்படி எத்தனை பேரு போயிருக்காங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்காகத்தான் அந்த விதியையே எடுத்துட்டு வந்தேன். வேணாம்னு வாய்விட்டுச் சொல்லவும் மாட்டோம், வழியும் விட மாட்டோம்."

"காரணம் எழுதியிருந்தா?"

"நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன். என்ன காரணம், இப்ப சொல்லேன்."

பர்ஜோனோ கிளாஸைத் தள்ளி வைத்தான். சொல்ல வந்தது வேறு, வாயில் வந்தது வேறு. "தும்பெங் நுனியும் அவளுக்கு. சாவியும் அவளுக்கு. அப்ப எனக்கு என்ன?"

"உன்கிட்டதான் சாவி இருக்கே."

"அதான் இப்ப எல்லார்கிட்டயும் இருக்கே!"

அது தெருவரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே சுமர்தோவின் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

சுமர்தோ தன் கிளாஸைக் கீழே வைத்தார். "தும்பெங் தப்புத்தான்" என்றார். "உன் தட்டை நான் பாக்கல. பாத்திருந்தா அங்க வச்சுட்டு அப்புறம் அவகிட்ட போயிருப்பேன். ஆனா சாவி தப்பில்ல."

"அப்ப என் சாவியையும் எடுத்துக்கங்க."

"சரி. குழுவுல எழுதிப் போடு. காரணத்தோட."

பர்ஜோனோ எழுந்தான். டீ பாதியில் நின்றது. ஒருவர் வீட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவது சோலோவில் அறைவதற்குச் சமம். வைத்துவிட்டுத்தான் போனான்.

கடைக்கு வந்ததும் மடலை எழுதினான். குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சாவியைத் திருப்பித் தருகிறேன். குடும்பத்தில் என்ன சூழ்நிலை என்று வார்சினி கேட்பாள் என்று தோன்றியது. வேலைப்பளு என்று மாற்றினான். அனுப்புகிற இடத்தில் அம்புக்குறியை வைத்துவிட்டு, கடைசியாக ஒருதரம் தன் கத்திப் பகுதியைப் பார்க்கலாமே என்று திறந்தான். செத்த வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி.

திருத்தம் திருத்தமாக ஏற்றியபோது தெரியாதது, மொத்தமாகப் பார்த்தபோது தெரிந்தது. உள்ளே அவனுடையது என்று எதுவும் இல்லை. தலைகீழாக மாற்றியிருந்தாள். அழகாக மாற்றியிருந்தாள், அதுதான் கொடுமை. ஆனால் கோப்பின் உச்சியில், எழுதியவர் என்கிற இடத்தில், பர்ஜோனோ என்று அவன் பெயர் மட்டும் தன்னந்தனியாக நின்றது. அவள் தன் பெயரைப் போடவே இல்லை. மூத்தவர் பெயர் இருக்கும்போது சின்னவர் தன் பெயரை எழுதுவது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்ட பெண்.

பர்ஜோனோவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை நாள் எரிந்தது ஒன்று, இது வேறு. ஊரான் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிற மாதிரி உடம்பு கூசியது. இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? பர்ஜோனோ எழுதியது என்று நினைத்தால் அது பொய். பர்ஜோனோ அந்தப் பெண்ணின் பெயரை விழுங்கிவிட்டான் என்று நினைத்தால் அது அதைவிடக் கேவலம். என் வேலையைப் பறித்துக்கொண்டாள், போகட்டும். அவளுடைய வேலையைச் சுமக்க நான் என்ன கழுதையா?

சாவியைத் திருப்பித் தருவதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். மடலை அப்படியே ஓரத்தில் வைத்துவிட்டு, தன் பெயருக்குக் கீழே வெனிங் பாலுப்பி என்று அவள் முழுப் பெயரைத் தட்டினான். ஒரு சாவிக்காரர் எழுதியதை இன்னொரு சாவிக்காரர் பார்த்து ஏற்ற வேண்டும் என்பது வழக்கம். அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். போன் அடித்தது.

"மாஸ், வெனிங் பேசுறேன். என் பேரு எதுக்கு மாஸ்?"

"எழுதினது யாரு?"

"அடிப்படை உங்களோடதுதானே மாஸ்."

"அடிப்படையில ஒரு வரியாவது மிச்சம் வச்சிருக்கியா? காட்டு பாப்போம்."

அவள் தேடுகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே தேடினாள். "ஒரு வரி இருக்கு மாஸ்."

"எது?"

"மேல இருக்கிற உங்க பேரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. "ஐயோ மாஸ், நான் அந்த அர்த்தத்துல..."

பர்ஜோனோவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. போனைக் கையால் மூடி, அதை இருமலாக மாற்றிவிட்டுப் பேசினான். "இதப் பாரு டிக். நாளைக்கு எவன் கடையிலயாவது பேப்பரைக் குறுக்க வெட்டுச்சுன்னா திட்டு எனக்கு வரும். உன் தப்புக்கு நீதான் திட்டு வாங்கணும். பேசாம ஏத்து."

"சரி மாஸ்."

"கீழதான் இருக்கணும். மேல தூக்கிடாத."

"தூக்க மாட்டேன் மாஸ். நன்றி..."

"நன்றி சொன்னேன்னா போனை வச்சிருவேன்."

வைத்தும்விட்டான். அவள் தன் சாவியால் அதை ஏற்றியதைத் திரையில் பார்த்தான். இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. வயிற்றில் புகைச்சல் அடங்கவில்லை. ஆனால் சட்டை இப்போது அவன் சட்டையாக இருந்தது.

சோற்றுப் பாத்திரத்தை எடுக்க வந்த வார்சினி, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது என்ன, வேலைப்பளுவா? யாருக்கு?"

"ஒரு மடல்."

"அனுப்பலையா?"

"காரணம் இன்னும் சரியா வரல."

"வேலையே இல்லாம உக்காந்திருக்கீங்க, வேலைப்பளுன்னு எழுதினா எப்படி வரும்?" சோற்றைத் தொடவே இல்லை என்று கண்டதும் அதற்கு வேறு திட்டினாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மக்காசர் சந்தையிலிருந்து ஒரு புகார் வந்து விழுந்தது. மீன் கடைக்காரர். ஈரக் கையால் தொட்டுத் தொட்டு பிரிண்டர் கத்தி இறங்க மாட்டேன் என்கிறதாம். இது பர்ஜோனோவின் சரக்கு. ஈரத்துக்கும் கத்திக்கும் உள்ள பகையை அவனைப் போல யார் சொல்ல முடியும்? அவசர அவசரமாகக் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

வெனிங் அதற்குள் பதில் போட்டிருந்தாள்.

"முந்திக்கிட்டா" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கேயாவது ஓட்டை இல்லாமலா போகும் என்று முதல் வரியைப் படித்தான். ஒன்றும் சிக்கவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது வரிக்குப் போனான்.